லஞ்சம் எல்லை தாண்டிடும்... விசாரணை தாண்டுமா? கிளாவரை முதல் டெல்லி வரை ஓர் அலசல்

கொடைக்கானலில் இருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று போகும் பஸ் கடைசியாக நிற்கும் ஊர் கிளாவரை. அதுக்கு மேல ரோடு கிடையாது. ஆனால் நடந்தால் வழி இருக்கு. காட்டுப் பாதையில் இறங்கினால் கேரளாவின் வட்டவடை வந்துவிடும். இந்தப் பக்கமும் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். அந்தப் பக்கமும் அதேதான். இங்கேயும் தமிழ், அங்கேயும் தமிழ். கல்யாணம் கட்டிக்கொடுத்த சொந்தமும் இரண்டு பக்கமும் உண்டு.

வண்டியில் போகணும் என்றால் கதையே வேற. கொடைக்கானல் வந்து, மலை இறங்கி வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி, போடி, அப்புறம் மறுபடியும் மலை ஏறி மூணாறு, அங்கிருந்து வட்டவடை. கிட்டத்தட்ட ஒரு நாள் போயிடும்.

இப்போ ஒரு சின்னக் கற்பனை. கிளாவரைக்காரர் ஒருவருக்கு வட்டவடையில் கொஞ்சம் நிலம் இருக்கு. பட்டா மாற்ற அங்குள்ள அலுவலகத்தில் ஒருவர் காசு கேட்கிறார். காசைக் கிளாவரையில் உள்ள இன்னொருவரிடம் கொடுத்துவிடச் சொல்கிறார். புகாரை யாரிடம் கொடுப்பது? திண்டுக்கல்லில் உள்ள தமிழ்நாட்டு லஞ்ச ஒழிப்புத்துறையிடமா? கேரள விஜிலென்ஸிடமா? கேட்டது மத்திய அரசு ஊழியர் என்றால் சிபிஐயிடமா?

இந்தியாவில் லஞ்சத்தைப் பிடிக்க அமைப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு அமைப்பு இன்னொரு அமைப்போடு எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்பதில்தான் சிக்கல். அந்தச் சிக்கல் வெளிச்சத்துக்கு வந்த இடமும் கிளாவரை இருக்கிற இதே திண்டுக்கல் மாவட்டம்தான்.

யார் யார் எதைப் பார்க்கிறாங்க?

தமிழ்நாட்டு லஞ்ச ஒழிப்புத்துறை 1964-ல் தொடங்கப்பட்டது. மாநில அரசு ஊழியர்கள், அமைச்சர்கள், எம்.எல்.ஏ.க்கள் மீதான லஞ்சப் புகார்களை விசாரிப்பது இதன் வேலை. கேரளாவில் இதே வேலையைச் செய்வது விஜிலென்ஸ் மற்றும் ஊழல் தடுப்புப் பிரிவு. மத்திய அரசு ஊழியர்கள் என்றால் சிபிஐ. லஞ்சப் பணம் சொத்தாகவோ கம்பெனியாகவோ மாறினால் அமலாக்கத்துறை. இவை தவிர மத்திய கண்காணிப்பு ஆணையம். அதுவும் 1964-ல் வந்ததுதான். அதை அமைக்கச் சொன்னது தமிழரான கே.சந்தானம் தலைமையிலான குழு.

பேப்பரில் பார்த்தால் எல்லாம் தனித்தனி டிபார்ட்மென்ட். நடைமுறையில் ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் கால் வைக்காமல் வேலையே நடக்காது.

திண்டுக்கல்லில் என்ன நடந்தது?

2023 டிசம்பர் 1. எங்கள் டெஸ்க்கில் அன்றைக்கு முதல் தகவல் வந்தபோது, வந்த வாசகத்தில் பெயர்கள் இடம் மாறிவிட்டதோ என்றுதான் நினைத்தோம். அமலாக்கத்துறை யாரையாவது கைது செய்தது என்று எழுதித்தான் எங்களுக்குப் பழக்கம். அமலாக்கத்துறை அதிகாரியையே தமிழ்நாட்டு லஞ்ச ஒழிப்புத்துறை கைது செய்தது என்று இருந்தது. இரண்டு முறை போன் போட்டு உறுதி செய்த பிறகுதான் செய்தி போனது.

கைதானவர் அங்கித் திவாரி. அமலாக்கத்துறையின் மதுரை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். புகார் கொடுத்தவர் திண்டுக்கல்லைச் சேர்ந்த அரசு டாக்டர். லஞ்ச ஒழிப்புத்துறை சொன்னது இது: டாக்டர் மீது ஏற்கெனவே லஞ்ச ஒழிப்புத்துறையில் ஒரு வழக்கு இருந்து முடிந்துபோயிருந்தது. 2023 அக்டோபர் கடைசியில் திவாரி அவரைத் தொடர்புகொண்டு, அந்த விவகாரத்தை மறுபடி விசாரிக்க மேலிடத்தில் இருந்து உத்தரவு வந்திருக்கிறது என்று சொல்லி 3 கோடி ரூபாய் கேட்டார். பேரம் பேசி 51 லட்சத்துக்கு வந்தது. முதல் தவணையாக 20 லட்சம் கைமாறியது. மிச்சத்துக்கு நெருக்கடி வந்ததும் டாக்டர் புகார் கொடுத்தார். அடுத்த 20 லட்சத்தை வாங்கியபோது திண்டுக்கல்-மதுரை சாலையில் காரை விரட்டிப் பிடித்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. குற்றச்சாட்டு உண்மை என்றால், மிரட்ட உதவியதே பழைய லஞ்ச ஒழிப்பு வழக்குதான். மாநில அமைப்பு ஒன்றின் வழக்கு விவரம் மத்திய அமைப்பின் அதிகாரி கைக்குப் போய், அங்கே பேரம் பேசும் ஆயுதமாகிவிட்டது. அமைப்புகளுக்குள் தகவல் பரிமாற்றம் வேணும் என்று எல்லோரும் சொல்கிறோம் இல்லையா? பரிமாறிய தகவலை யார் பார்க்கிறார்கள், எதுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கும் அதோடு சேர்ந்து வந்தாகணும்.

கைதோடு விஷயம் நிற்கவில்லை. அன்று இரவே லஞ்ச ஒழிப்புத்துறையினர் மதுரையில் உள்ள அமலாக்கத்துறை அலுவலகத்துக்குள் போய்ச் சோதனை நடத்தினார்கள். மத்திய விசாரணை அமைப்பின் ஆபீசுக்குள் மாநில போலீஸ் விடிய விடிய சோதனை போட்ட காட்சி லைவ்வில் ஓடியது. அமலாக்கத்துறை டி.ஜி.பி.யிடம் புகார் கொடுத்தது. இந்த வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத முக்கிய ஆவணங்களை எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள் என்பது அதன் குற்றச்சாட்டு. சட்டப்படிதான் சோதனை செய்தோம் என்பது மாநிலத் தரப்பு பதில்.

பிறகு அமலாக்கத்துறை உச்ச நீதிமன்றம் போனது. வழக்கை சிபிஐக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டது. 2024 ஜனவரி 25-ல் நீதிபதிகள் சூர்ய காந்த், கே.வி.விஸ்வநாதன் அமர்வு லஞ்ச ஒழிப்புத்துறை விசாரணைக்கு இடைக்காலத் தடை போட்டது. மார்ச் 20-ல் திவாரிக்கு இடைக்கால ஜாமீன் கிடைத்தது.

தடையை விட முக்கியமானது, அந்த ஜனவரியில் விசாரணையின்போது நீதிபதிகள் சொன்ன கருத்து. மத்திய அமைப்பும் மாநில அமைப்பும் ஒன்றை ஒன்று குற்றம் சாட்டும் நேரத்தில், பழிவாங்கலாகவும் ஆகிவிடக்கூடாது, உண்மையான குற்றவாளி அந்தப் பெயரைச் சொல்லித் தப்பிக்கவும் கூடாது. அதற்கு நியாயமான, வெளிப்படையான ஒரு விசாரணை முறை வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அப்படி ஒரு முறை இதுவரை இல்லை என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்ட மாதிரி.

இது சும்மா ஒரு அதிகாரி பிரச்னையா?

இல்லை. தேதியைப் பாருங்க. மணல் குவாரி விவகாரத்தில் 5 மாவட்ட ஆட்சியர்களுக்கு அமலாக்கத்துறை சம்மன் அனுப்பியிருந்தது. அதை எதிர்த்து மாநில அரசு சென்னை உயர் நீதிமன்றம் போய், 2023 நவம்பர் 28-ல் தடை வாங்கியது. மூன்றாவது நாள் திண்டுக்கல்லில் கைது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று ஒரு தரப்பு சொன்னது, லஞ்சப் புகார் வந்தது, பிடித்தோம், அவ்ளோதான் என்று இன்னொரு தரப்பு சொன்னது. தொடர்பு இருந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. அந்தச் சந்தேகம் எழாமலும் இருக்கவில்லை. மணல் வழக்கில் 2024 பிப்ரவரி 27-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்து, ஆட்சியர்கள் ஆஜராக வேண்டும் என்று சொல்லிவிட்டது.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் 2023 ஜூன் 14. அதிகாலையில் அப்போதைய அமைச்சர் செந்தில் பாலாஜியை அமலாக்கத்துறை கைது செய்தது. அன்றைக்கே தமிழ்நாடு அரசு சிபிஐக்குக் கொடுத்திருந்த பொது ஒப்புதலைத் திரும்பப் பெற்றது.

பொது ஒப்புதல்னா என்ன?

சிபிஐ இயங்குவது டெல்லி சிறப்புக் காவல் நிறுவனச் சட்டத்தின் கீழ். அதன் 6-வது பிரிவுப்படி, ஒரு மாநிலத்துக்குள் சிபிஐ விசாரிக்க அந்த மாநில அரசின் சம்மதம் வேண்டும். ஒவ்வொரு வழக்குக்கும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால் மொத்தமாக ஒரு சம்மதம் கொடுத்து வைப்பார்கள். அதுதான் பொது ஒப்புதல். கேரளா அதை 2020 நவம்பரிலேயே திரும்பப் பெற்றுவிட்டது. ஆக, கிளாவரையில் நின்று இடது பக்கம் பார்த்தாலும் வலது பக்கம் பார்த்தாலும், சிபிஐ புதிதாக ஒரு வழக்குப் போட வேண்டும் என்றால் முதலில் மாநில அரசின் கதவைத் தட்டணும். அல்லது கோர்ட் உத்தரவு வேணும்.

அமலாக்கத்துறைக்கு இந்த ஒப்புதல் தேவையில்லை. அதன் சட்டம் வேற. ஆனால் அதற்கு வேறொரு கட்டு இருக்கு. பணமோசடி வழக்குப் போட வேண்டும் என்றால், அதற்கு அடிப்படையாக வேறொரு குற்றத்தில் எஃப்.ஐ.ஆர். இருந்தாகணும். 2022-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அடிப்படை வழக்கு விழுந்தால் பணமோசடி வழக்கும் விழுந்துவிடும்.

அந்த அடிப்படை எஃப்.ஐ.ஆர். பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது? மாநில போலீஸிடம் இருந்து, மாநில லஞ்ச ஒழிப்புத்துறையிடம் இருந்து. செந்தில் பாலாஜி வழக்கே சென்னை போலீஸ் பதிந்த வேலை வாங்கித் தருவதாகப் பணம் பெற்ற வழக்குகளின் மேல் நின்றதுதான். டாஸ்மாக் விவகாரமும் அப்படித்தான். 2025 மார்ச்சில் டாஸ்மாக் தலைமை அலுவலகத்தில் அமலாக்கத்துறை சோதனை நடத்தி, 1,000 கோடி ரூபாய் முறைகேடு என்றது. அதற்கு ஆதாரமாகக் காட்டியது மாநில அமைப்பு ஏற்கெனவே பதிந்திருந்த 41 எஃப்.ஐ.ஆர்.களை. அவையெல்லாம் கடை ஊழியர் அளவில் போட்ட வழக்குகள், நிறுவனத்தின் மீது இல்லை என்று மாநில அரசு வாதிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் ஏப்ரல் 23-ல் மாநில அரசின் மனுவைத் தள்ளுபடி செய்தது. மே 22-ல் உச்ச நீதிமன்றம் அமலாக்கத்துறை நடவடிக்கைக்குத் தடை விதித்தது. கூட்டாட்சி அமைப்பை மீறுகிறீர்கள் என்று அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் கடுமையாகவே சொன்னார்.

ஒருத்தர் போடுற எஃப்.ஐ.ஆர்.தான் இன்னொருத்தருக்கு வேலை. இன்னொருத்தர் கண்டுபிடிக்கிற பணப் பாதைதான் முதல் ஆளுக்கு ஆதாரம். அமலாக்கத்துறை தான் கண்டுபிடித்ததை மற்ற அமைப்புகளோடு பகிரணும் என்று பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் 66-வது பிரிவு சொல்லவே செய்கிறது. வாங்கிய தகவலை வைத்து மாநிலம் எத்தனை நாளில் என்ன செய்யணும் என்பதில்தான் சண்டை.

மத்திய அரசு ஊழியரை மாநில போலீஸ் பிடிக்கலாமா?

பிடிக்கலாம். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு, எந்தப் பதவியில் உள்ள போலீஸ் அதிகாரி விசாரிக்கலாம் என்றுதான் சொல்கிறது. மத்திய ஊழியர் என்றால் சிபிஐ மட்டும்தான் என்று எங்கேயும் சொல்லவில்லை. சிபிஐக்கு அனுப்புவது வழக்கம், அவ்வளவே.

திண்டுக்கல் வழக்கு தனி ஆளும் இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு, 2023 நவம்பரில், ராஜஸ்தான் ஊழல் தடுப்புப் பிரிவு ஒரு அமலாக்கத்துறை அதிகாரியை 15 லட்சம் ரூபாய் லஞ்ச வழக்கில் கைது செய்தது. 2025 மே மாதம் கேரள விஜிலென்ஸ், கொச்சி அமலாக்கத்துறையின் உதவி இயக்குநர் ஒருவரை முதல் குற்றவாளியாகச் சேர்த்து வழக்குப் போட்டது. முந்திரி வியாபாரி ஒருவரிடம் வழக்கை முடித்துத் தர 2 கோடி ரூபாய் கேட்டதாகப் புகார். புகார் கொடுத்தவரே எங்கள் வழக்கில் சிக்கியவர்தான் என்பது அமலாக்கத்துறையின் பதில். திண்டுக்கல்லில் பார்த்த அதே காட்சி, மலைக்கு அந்தப் பக்கம்.

ஆனா ஒரு முடிச்சு இருக்கு. மாநில போலீஸ் பிடிக்கலாம், விசாரிக்கலாம், குற்றப்பத்திரிகை வரைக்கும் போகலாம். வழக்கைக் கோர்ட் எடுத்துக்கொள்ள 19-வது பிரிவின்படி அனுமதி வேணும். மத்திய அரசு ஊழியர் என்றால் அந்த அனுமதியைத் தர வேண்டியது மத்திய அரசு. மாநில ஊழியரை சிபிஐ பிடித்தால் மாநில அரசு. அதாவது யார் மேல் கோபமாக இருக்கிறோமோ அவரிடமே போய்க் கையெழுத்து வாங்கணும். ஒத்துழைப்பு வேண்டாம் என்று இரண்டு பக்கமும் சொல்லிவிடலாம். ஒத்துழைப்பு இல்லாமல் ஒரு வழக்கையும் முடிக்க முடியாது.

சேர்ந்து வேலை செஞ்சதே இல்லையா?

உண்டு. அதுவும் நம்ம ஊர் வழக்குதான். ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கு.

விசாரித்தது தமிழ்நாட்டு லஞ்ச ஒழிப்புத்துறை. 2001-ல் அவர் மறுபடி முதலமைச்சரான பிறகு, அவருக்குக் கீழேயே உள்ள துறை அவர் மீதான வழக்கை எப்படி நேர்மையாக நடத்தும் என்ற கேள்வி வந்தது. தி.மு.க. பொதுச்செயலாளர் க.அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். 2003 நவம்பரில் வழக்கு கர்நாடகாவுக்கு மாற்றப்பட்டது. அதன் பிறகு நீதிபதி, அரசு வழக்கறிஞர், மேல்முறையீடு எல்லாம் கர்நாடகா பொறுப்பு. விசாரணை அதிகாரிகளும் சாட்சிகளும் தமிழ்நாடு.

முதல் தடையே மொழிதான். ஆவணங்களும் வாக்குமூலங்களும் ஆயிரக்கணக்கான பக்கங்கள் தமிழில். பெங்களூரு கோர்ட்டுக்காக அத்தனையையும் ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டியிருந்தது. தமிழ் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவன் என்பதால் எனக்கு இந்த இடம் தனியாகத் தெரியும். 'பினாமி' என்பதைப் பெயர்த்துவிடலாம், ஒரு கிராமத்து வி.ஏ.ஓ. கைப்பட எழுதிய அடங்கல் குறிப்பை எப்படிப் பெயர்ப்பது? மொழிபெயர்ப்பு சரியில்லை என்று அதற்கே தனி மனு, அந்த மனுவுக்கு ஒரு விசாரணை. வருஷங்கள் அதிலும் போச்சு.

ஆனாலும் வழக்கு முடிந்தது. 2014 செப்டம்பர் 27-ல் நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா தீர்ப்பு. 2015-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனதில் கர்நாடக அரசே முக்கிய மனுதாரர். தன் மாநிலத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வழக்குக்காக ஒரு மாநில அரசு மேல்முறையீடு செய்தது. 2017 பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றம் முதல் தீர்ப்பை உறுதி செய்தது. அப்போது ஜெயலலிதா உயிரோடு இல்லை. சசிகலா உள்ளிட்ட மூவர் சிறை போனார்கள். 2025 பிப்ரவரியில்தான் 27 கிலோ தங்க நகைகளும் 1,526 ஏக்கர் நிலத்துக்கான ஆவணங்களும் பெங்களூருவில் இருந்து தமிழ்நாட்டு அதிகாரிகள் கைக்கு வந்தன. வழக்கு தொடங்கியது 1996. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இது நடந்ததும் உச்ச நீதிமன்றம் நடுவில் நின்றதால்தான். இரண்டு மாநில அமைப்புகளும் தாங்களாகவே உட்கார்ந்து பேசி நடந்ததில்லை.

வெளிநாட்டில் எப்படி?

2004 டிசம்பரில் சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, புருனே ஆகிய நாடுகளின் ஊழல் தடுப்பு அமைப்புகள் ஜகார்த்தாவில் ஒரு ஒப்பந்தம் போட்டன. பிற ஆசியான் நாடுகள் பிறகு சேர்ந்தன. அரசுகளைத் தாண்டி அமைப்புக்கு அமைப்பு நேரடித் தொடர்பு, பயிற்சி, தகவல் பகிர்வு என்பதுதான் ஏற்பாடு. அதனால் அங்கே லஞ்சம் ஒழிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை, மலேசியாவின் 1எம்.டி.பி. கொள்ளை இந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு நடந்ததுதான். ஆனால் தனித்தனி நாடுகளே போன் எடுத்துப் பேச ஒரு வழி வைத்திருக்கின்றன. ஒரே நாட்டுக்குள், ஒரே ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் வேலை செய்யும் திண்டுக்கல்லும் இடுக்கியும் அப்படிப் பேசிக்கொள்ள நிரந்தரமான ஏற்பாடு ஒன்று வேண்டாமா?

எல்லையில் இதன் தேவை கண்ணுக்குத் தெரியும். 2025 ஜனவரியில் பாலக்காடு மாவட்ட எல்லையில் வாளையாறு உள்ளிட்ட மோட்டார் வாகனச் சோதனைச் சாவடிகளில் கேரள விஜிலென்ஸ் திடீர் சோதனை நடத்தி, கணக்கில் வராத பணத்தைப் பிடித்தது. அந்தப் பணத்தைக் கொடுத்தவர்களில் காய்கறி ஏற்றிப் போன நம்ம ஊர் டிரைவர்களும் இருப்பார்கள். அவர்கள் சாட்சி சொல்ல வேண்டும் என்றால் பாஷை தெரியாத ஊருக்கு வேலையை விட்டுவிட்டுப் போகணும். யார் போவாங்க? கொடுத்துட்டு வர்றதுதான் சுலபம் என்று நினைப்பார்கள்.

அப்போ அந்தக் கிளாவரைக்காரர் என்ன செய்யணும்?

கேட்டது கேரள அரசு ஊழியர் என்பதால் நேரடியாகக் கேரள விஜிலென்ஸிடம் போகலாம். அவர்களின் 1064 எண்ணில் கூப்பிடலாம். தொலைவு பிரச்னை என்றால், 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு இருக்கு. குற்றம் எந்த இடத்தில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று சொல்வது இதைத்தான். 'இது எங்க லிமிட் இல்லை' என்று திருப்பி அனுப்பக் கூடாது.

இன்னொன்று, இதை நிறைய பேர் கவனிப்பதில்லை. 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தின் பேரில் கொடுத்திருந்தால், 7 நாட்களுக்குள் போலீஸிடமோ விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட வேண்டும். கொடுப்பதற்கு முன்பே சொல்லி, அவர்கள் பொறி வைக்க ரசாயனம் தடவிய நோட்டோடு போனால் பிரச்னையே இல்லை. கிளாவரையில் இருந்து திண்டுக்கல்லுக்கு மலை இறங்கிப் போய் வரவே ஒரு நாள் ஆகும். அந்த ஏழு நாளில் எந்த அலுவலகம் என்று தேடி அலைவதிலேயே மூன்று நாள் போனால், மிச்சம் நான்கு.